காத்திருப்புக் கட்டணம்

கார்ஸிலிருந்து ஆனிக்கு
நாற்பத்தைந்து கிலோமீட்டர்.
போக வர ஒரு விலை.
காத்திருக்க, மணிக்கு இவ்வளவென்று தனி.
பேரம் பேசுகிறவர்களை
வாத்துக்கூட்டம் சாலையைக் கடந்து முடியும்வரை
பேசவிடுவேன்.

பதினேழு வருடமாய் ஓட்டுகிறேன்.
மதிலுக்குள் போனதில்லை.
எனக்கு ஆனி என்பது
சிவப்புக் கல்லின் நிழல்
முன்கண்ணாடியை விட்டு இறங்கும் நேரம்,
டீக்கடை நெஜ்மியின் இரண்டாம் கொதி.
மற்றதெல்லாம் திரும்பி வருகிறவர்கள் சொன்னது:
ஆயிரத்தொரு தேவாலயம் என்றார்கள்,
எண்ணினால் பத்துகூடத் தேறவில்லையே.
புயலில் சரிந்து பாதியாய் நிற்கும் ஒன்றை
அதிலும் பாதி மட்டும் படமெடுத்து வந்து
காட்டினார் ஒருவர்.

அக்டோபரில் ஷுஷானிக் வந்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூம்ரியில், பல் மருத்துவர்.
கூம்ரி எனக்குத் தெரியும்.
மேகமில்லாத இரவில்
எங்கள் பார்லி வயலின் மேட்டில் ஏறினால்
அதன் விளக்குகள் தெரியும்.
"வந்துசேர எவ்வளவு நேரம்?"
"இரண்டு நாள். ஜார்ஜியாவைச் சுற்றி.
மூன்று பேருந்து, நாலு முத்திரை, ஒரு காய்ச்சல்."
அவளுடைய துருக்கி நொண்டி, என் ருஷ்யனும் நொண்டி.
தோளில் கைபோட்டுக்கொண்டு
எப்படியோ ஊர்போய்ச் சேர்ந்தன.

வாசலில் இறங்கியவள் சொன்னாள்:
"நீங்களும் வாருங்கள்.
இதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்."
மஞ்சள் மேசைவிரிப்பு. நாலாய் மடித்தது.
டிக்கெட் கிழிக்கும் பெரிவான் புருவத்தைத் தூக்கினாள்:
"நுரெத்தின் அண்ணா, உள்ளே வழி தெரியுமா?"
"எங்கள் மாட்டுக்குத் தெரியும்."

புல்.
புல்லுக்குள் ஒரு தெரு, அதன் எண்ணெய்ச் செக்கு.
அணில் ஜாதியில் ஏதோ ஒன்று
எழுந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு
ஒரு வீட்டின் அஸ்திவாரத்துக்குள் இறங்கிப்போனது.
பேராலயத்தில் குவிமாடம் இல்லை.
அந்த வட்டத்தில் வானம்
அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.
அழுவாள் என்று நினைத்தேன்.
அவள் ஒரு தூணிடம் போய்
விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள்,
காதை வைத்துக் கேட்டாள்.
"வேர் நன்றாயிருக்கிறது."

பிறகு பள்ளத்தின் விளிம்பு.
கீழே ஆறு.
இந்தக் கரையில் பாலத்தின் ஒரு கால்,
அந்தக் கரையில் ஒரு கால்,
நடுவே தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
விரிப்பை ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்தோம்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.
ஜந்தர்மா பையன் ஓடிவந்தான்: "என்ன கொடி இது?"
"சாப்பிடப் போகிறோம்" என்றேன்.
சாப்பாட்டைத் தேடினான். போய்விட்டான்.

போன் அலறியது.
"தெரிகிறது! தெரிகிறது!
வலப்பக்கம் அந்த மீசை யார்?"
"டாக்ஸி" என்றாள்.
எதிர்விளிம்பில் ஒரு புள்ளி குதித்தது.
அவள் தம்பி ஹ்ராய்ர். அவனும் டாக்ஸிதான்.
கூம்ரியிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து
நான் நிற்கும் இந்த இடத்தை
விரலால் காட்டிவிட்டு
அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பவன்.
போனை வாங்கிக் கேட்டேன்:
"மணிக்கு என்ன வாங்குகிறாய்?"
அவன் திராமில் சொன்னான், நான் லிராவில் சொன்னேன்.
இரண்டு பேரும், மற்றவன் கொள்ளையடிக்கிறான் என்று
மனசாரத் திட்டிக்கொண்டோம்.

திரும்பியதும் அவள் பர்ஸைத் திறந்தாள்.
"நீங்கள்தான் கூடவே வந்தீர்களே,
காத்திருந்தது யார்?"
"கார்" என்றேன்.
வாங்கிக்கொண்டேன். தொழில்.

இப்போது மாலையில் கிளம்பும்முன்
ஹெட்லைட்டை இரண்டு முறை போட்டு அணைக்கிறேன்.
மதில் மறைக்கும், தெரியும்.
நெஜ்மி கேட்டான்.
பேட்டரி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.